ஜூலியட்டின் செவிலி வேடம் உங்களுக்கு வந்தால்

நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். 'ரோமியோ ஜூலியட்' போடுவதென்று முடிவாகி, வேடம் பிரித்து, உங்கள் பெயருக்கு நேரே 'செவிலி' என்று எழுதிவிட்டார்கள். முகம் சுண்டிப்போயிருக்கும், தெரியும். ஜூலியட்டாக நடிக்க ஆசைப்பட்டு வந்து ஆயா வேடத்தோடு வீட்டுக்குப் போனவர்களை ஒத்திகை அறை வாசலில் நான் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறேன். நான் நடிகன் இல்லை, ப்ராம்ப்டர். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் பிரதியும் சின்ன டார்ச்சுமாக உட்கார்ந்து, யாராவது வசனத்தை விட்டால் எடுத்துக் கொடுக்கிறவன். இந்த நாடகத்துக்கு மட்டும் மூன்று தடவை, மூன்று குழுக்களுக்கு அப்படி உட்கார்ந்திருக்கிறேன். மூன்று செவிலிகளும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். நான்காவதாக வருகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கிழமைக் கணக்கு

பிரதி முழுவதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். உங்கள் வசனங்களுக்கு மட்டும் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு மற்றதைப் படிக்காமல் விடுகிற பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். படித்த பிறகு, செவிலி வருகிற காட்சிகளை ஒரு தாளில் கிழமை வாரியாக எழுதுங்கள். ஞாயிறு சாயங்காலம் ஜூலியட்டின் அம்மாவோடு முதல் காட்சி, அன்றிரவு விருந்து, அதற்கப்புறம் பால்கனிக் காட்சியில் உள்ளேயிருந்து கூப்பிடுகிற வெறும் குரல். திங்கள் மதியம் ரோமியோவைத் தேடித் தெருவில், திரும்பி வந்து ஜூலியட்டிடம், பிறகு கயிற்றேணியோடு ஒரு கெட்ட செய்தி, இரவில் துறவி லாரன்ஸின் அறை. செவ்வாய் விடியலில் வீட்டில் பெரிய சண்டை, அன்றிரவு படுக்கையறை. புதன் விடியலில் அசையாமல் கிடக்கும் ஜூலியட். அவ்வளவுதான் உங்கள் வேடம், மொத்தம் மூன்று இரவுகள்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், திங்கள் மதியம் எந்த ரோமியோவுக்காக வியர்த்து வழிய நடந்தாளோ அதே ரோமியோவை செவ்வாய் காலையில் அவள் கரித்துணி என்கிறாள், இடையில் இருப்பது ஒரே ஒரு இரவு. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட நெடுங்கவிதை. அதில் கதை மாதக் கணக்கில் நடக்கிறது, பெண்ணுக்கும் வயது பதினாறை ஒட்டி இருக்கும். ஷேக்ஸ்பியர் அத்தனையையும் சில நாட்களுக்குள் அமுக்கி, பெண்ணின் வயதையும் பதிமூன்றாகக் குறைத்துவிட்டார். மாதக் கணக்கில் மாற வேண்டிய மனம் ஒரு ராத்திரியில் மாறுகிறது என்றால் அந்த ராத்திரியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிழவி வேஷம் போடாதீர்கள்

இதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு. தலையில் பவுடரைக் கொட்டி, கூன் போட்டு, குரலை நடுங்க வைத்து எண்பது வயதுப் பாட்டியாக வந்து நிற்பார்கள். ஒரு நிமிஷம் கணக்குப் போடுங்கள். ஜூலியட் பிறந்த சமயத்தில் இவளுக்கும் சூசன் என்று ஒரு மகள் பிறந்திருக்கிறாள். அந்தப் பாலைத்தான் ஜூலியட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். ஜூலியட்டுக்கு இன்னும் பதினாலு முடியவில்லை. ஆக இவளுக்கு நாற்பது இருக்கலாம், மிஞ்சிப் போனால் ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். தனக்கு நாலே பல்தான் மிச்சம் என்று அவளே சொல்கிறாள், சரி, ஆனால் அந்தக் காலத்தில் பல் போவதற்கு எண்பது வயது ஆக வேண்டியதில்லை. ஜூலியட் அவளைக் கிழம் என்று அலுத்துக்கொள்வது பதிமூன்று வயதின் பார்வை, அந்த வயதில் நமக்கும் நாற்பது என்றால் கிழம்தான். 1935-இல் லண்டனில் எடித் எவன்ஸ் இந்த வேடத்தைச் செய்து பெரிய பேர் வாங்கியபோது அவருக்கு வயது 47.

நீங்கள் ஆணாக இருந்தாலும் கவலை வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்துப் பொது மேடையில் பெண்கள் நடிக்கவில்லை, முதல் செவிலியும் ஆண்தான்.

உடம்புக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். கூனுக்குப் பதிலாக முட்டி வலியை எடுத்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது ஒரு கை எதையாவது பிடிக்க வேண்டும், எழும்போது ஒரு பெருமூச்சு. அது போதும்.

அந்த நீளப் பேச்சு

ஜூலியட்டின் அம்மா முதலில் "நீ கொஞ்சம் வெளியே போ, நாங்கள் தனியாகப் பேச வேண்டும்" என்கிறாள். அடுத்த மூச்சிலேயே "இல்லை, நீயும் வா, நீயும் கேள்" என்று திரும்பக் கூப்பிடுகிறாள். இதைச் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். பெற்ற மகளோடு தனியாக இரண்டு வார்த்தை பேச அந்தத் தாய்க்கு வரவில்லை, நடுவில் இவள் வேண்டியிருக்கிறது. நீங்கள் வாசல் வரை போய்விட வேண்டும். கூப்பிட்டதும் திரும்புகிற அந்தத் திரும்புதலில் ஒரு சின்ன வெற்றி தெரியட்டும், மிகச் சின்னதாக.

அப்புறம் வயதைப் பற்றிய கேள்வி வருகிறது. பதிமூன்றா பதினாலா என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டியதற்கு இவள் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். 1599-இல் அச்சான பதிப்பில் இந்தப் பேச்சு செய்யுள் வரிகளாக இல்லாமல் உரைநடை போல ஒரே ஓட்டமாக இருக்கிறது. அந்த ஓட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மனப்பாடம் செய்யும்போது வரி வரியாக உருப்போடாதீர்கள். உருப்போட்டவர்கள் நடுவில் ஒரு வார்த்தை வழுக்கினால் மொத்தமாக விழுகிறார்கள், நானே டார்ச்சை அடித்து அடித்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பொருட்களாக மனதில் வையுங்கள். பல், ஆகஸ்ட் முதல் தேதி வருகிற லாமஸ் பண்டிகை, அதற்கு முந்தின ராத்திரி, சூசன், நிலநடுக்கம், மார்பில் தடவிய கசப்பு, வெயில் அடிக்கிற புறாக்கூட்டுச் சுவர், மாண்டுவா ஊருக்குப் போயிருந்த எஜமானும் எஜமானியும், ஆடிய புறாக்கூடு, அதற்கு முந்தின நாள் குப்புற விழுந்து நெற்றியில் அடிபட்ட குழந்தை, அதைத் தூக்கிய புருஷன், அவன் அடித்த ஜோக். இந்த வரிசை மனதில் இருந்தால் வார்த்தை தானாக வரும், வராவிட்டாலும் சமாளிக்கலாம்.

(நிலநடுக்கம் பற்றி ஒரு சங்கதி. 1580-இல் இங்கிலாந்தில் நிஜமாகவே நிலம் அதிர்ந்தது. 'பதினோரு வருஷம் ஆகிறது' என்று செவிலி சொல்வதை அதோடு கூட்டி, நாடகம் 1591-இல் எழுதப்பட்டது என்று வாதாடியவர்கள் உண்டு. ஒரு ஆயாவின் ஞாபகத்தை நம்பி வரலாறு எழுதப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.)

பதினோரு வருஷம் முன்பு பால் மறக்கடித்தாள் என்றால் குழந்தைக்கு அப்போது கிட்டத்தட்ட மூன்று வயது, ஓடி விளையாடுகிற பிள்ளை. நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவுவது போல அங்கே கசப்புப் பூண்டு. குழந்தை வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, மார்போடு சண்டை போடுகிறது. இதைச் சொல்லும்போது ஜூலியட்டைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எப்போது முடியும் என்று காத்திருப்பாள். அவள் இருக்கிற பக்கம் கையை மட்டும் நீட்டி, கண்ணை அந்தச் சுவரில், அந்த வெயிலில் வையுங்கள்.

இப்போது சூசன். பேச்சின் நடுவில் ஒன்றரை வரி: சூசனும் இவளும் ஒரே வயது, சூசன் ஆண்டவனிடம் இருக்கிறாள், எனக்கு அவளை வைத்துக்கொள்ளக் கொடுத்து வைக்கவில்லை. உடனே, "நான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி…" என்று லாமஸ் பண்டிகைக்குத் திரும்பிவிடுகிறாள். முதல் குழுவில் செவிலியாக நடித்த அக்கா இந்த இடத்தில் அழுதார். பார்வையாளர்களும் உச்சுக் கொட்டினார்கள், ஆனால் அதற்கப்புறம் வருகிற ஜோக் ஒன்றுக்கும் யாரும் சிரிக்கவில்லை, காட்சியே படுத்துவிட்டது. அழக் கூடாது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நில்லுங்கள், அப்புறம் "நான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி" என்று போய்விடுங்கள். புருஷனைப் பற்றியும் அப்படியே, 'ஆண்டவன் அவன் ஆத்மாவைக் காப்பாற்றட்டும், ஜாலியான ஆள்' என்று ஒரு வரி, அப்புறம் அவன் அடித்த ஜோக். செத்தவர்களை இவள் இப்படித்தான் கடந்து வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை ஜூலியட்டுக்கு அவள் கொடுக்கிற புத்திமதி இங்கிருந்துதான் புறப்படுகிறது, அதனால் இந்த மூச்சைக் கவனமாகப் போடுங்கள்.

ஜோக் கொஞ்சம் பச்சையானது. குழந்தை குப்புற விழுந்ததைப் பார்த்து, 'விவரம் தெரிந்தால் மல்லாந்து விழுவாய்' என்கிறான். பள்ளிக்கூடத்தில் போடுகிறீர்கள் என்றால் வெட்டுவார்கள், ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மொத்தமாகத் துடைத்தெடுத்தால் இவள் ஏதோ பஜனை மடத்து அம்மாள் மாதிரி ஆகிவிடுவாள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து கேலி பேசுகிற பெண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்காவது மிஞ்சும்படி டைரக்டரிடம் சண்டை போட்டுப் பாருங்கள். அம்மாக்காரி நிறுத்து என்ற பிறகும் இவள் அதே ஜோக்கை இன்னொரு முறை சொல்கிறாள், இரண்டாம் முறை சிரிப்பை அடக்க முடியாமல் சொல்ல வேண்டும். ஜூலியட்டும் 'நீயும் நிறுத்து' என்ற பிறகுதான் அடங்குகிறாள்.

தெருவில்

விருந்துக் காட்சியில் உங்களுக்கு அதிக வேலை இல்லை. ரோமியோவிடம் இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று சொல்கிறீர்கள், கட்டுகிறவனுக்குக் காசு கொட்டும் என்றும் சேர்த்தே சொல்கிறீர்கள். ஜூலியட்டிடம் அவன் பெயரைச் சொல்கிறீர்கள். இரண்டு வீட்டுக்கும் பரம்பரைப் பகை, அதனால் இரண்டு பேருக்கும் இடி இறக்குவது நீங்கள்தான், அது உங்களுக்குத் தெரியாது. சாதாரணமாகச் சொன்னால் போதும்.

திங்கள் மதியக் காட்சி வேறு மாதிரி. ஜூலை மாத வெயில், பின்னால் விசிறியைத் தூக்கிக்கொண்டு பீட்டர் என்ற வேலைக்காரப் பையன். நல்ல துணி உடுத்திக்கொண்டு பெரிய வீட்டு அம்மாள் போல வருகிறாள். 'பீட்டர், என் விசிறி' என்று அவனிடம் கேட்கிற தோரணைக்குத்தான் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ அப்படிக் கிண்டல் செய்கிறான், முகத்தை மறைக்கத்தான் விசிறி, முகத்தைவிட விசிறியே அழகு என்று. கேவலமான பாட்டும் பாடிவிட்டுப் போகிறான். இங்கே பாதிப் பேர் சும்மா தாம்தூம் என்று கத்துவார்கள். கத்தலாம், ஆனால் உள்ளே அவமானப்பட்டவளாகக் கத்துங்கள். தெரு நடுவில் ஒரு வேலைக்காரியை, அவள் வயதுக்குக்கூட மரியாதை இல்லாமல், தரகி என்கிறார்கள். அவன் போன பிறகுதான் இவளுக்கு வாய் வருகிறது, அதுவும் பாவம் பீட்டர் மேல் பாய்கிறது.

அதே கோபத்தின் மிச்சத்தோடு ரோமியோ பக்கம் திரும்பி, என் பெண்ணை ஏமாற்ற நினைத்தால் அது மகா அயோக்கியத்தனம், அவள் சின்னப் பெண் என்று எச்சரிக்கிறாள். இந்த வேடத்திலேயே மிகவும் நேர்மையான வரிகள் இவை, சிரிப்புக்காகக் கெடுத்துவிடாதீர்கள். ரோமியோ காசு நீட்டுகிறான். 'ஐயோ வேண்டாம், ஒரு பைசாகூட வேண்டாம்' என்கிறாள், அவன் வற்புறுத்துகிறான், அவ்வளவுதான், அடுத்த வரியில் விஷயம் பேசப் போய்விடுகிறார்கள். வாங்கினாளா இல்லையா என்பதைக் கை சொல்ல வேண்டும். வாய் வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே இருக்க, கை தானாகப் போய் வாங்கிக்கொள்வது நன்றாக வரும்.

இங்கே நம் ஊர் ஆட்களுக்கு மட்டும் ஒரு சௌகரியம் இருக்கிறது. அகப்பாடல் படித்தவர்களுக்குச் செவிலி யார், தோழி யார் என்று தெரியும். தோழி காதலுக்குத் தூது போவாள், துணை நிற்பாள். செவிலியிடமிருந்து அதை மறைப்பார்கள், பெண் மெலிந்து போவதைப் பார்த்து அவள் பதறுவாள். ஜூலியட்டுக்குத் தோழி கிடையாது. அந்தப் பெரிய வீட்டில் அவள் வயதொத்த ஒருத்திகூட மேடைக்கு வருவதில்லை. அதனால் செவிலியே தோழி வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள். இதை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமைக்கு வேண்டும்.

மூச்சு வாங்குகிற காட்சி

அரை மணியில் வருகிறேன் என்று ஒன்பது மணிக்குப் போனவள் பன்னிரண்டுக்கு வருகிறாள். ஜூலியட் துடிக்கிறாள். இவள் எலும்பு வலிக்கிறது, தலை வலிக்கிறது, முதுகைத் தடவி விடு, சாப்பிட்டாயா, அம்மா எங்கே என்று இழுக்கிறாள். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல மட்டும் மூச்சு இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்கிற கேள்வி நியாயம்தான்.

இதை எப்படிச் செய்வது? பத்து விழுக்காடு நிஜ வலி, மிச்சம் விளையாட்டு. இவள் கையில் இப்போது ஒரு ரகசியம் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் இந்தப் பெண் எழுந்து ஓடிப்போய்விடுவாள், கல்யாணமாகி இன்னொருத்தன் பெண்டாட்டி ஆகிவிடுவாள். கொடுக்காமல் இருக்கிற வரைக்கும் முதுகைத் தடவி விடுவாள். எனக்கு இப்படித் தோன்றுகிறது, உங்களுக்கு வேறு தோன்றலாம். ஆனால் ஜூலியட்டின் கை உங்கள் முதுகில் படும்போது ஒரு நொடி கண்ணை மூடிப் பாருங்கள்.

பெயர் வரிசை மாறக் கூடாது

கயிற்றேணிக் காட்சி. முதலில் சாமான் விஷயம்: நைலான் கயிறு வாங்காதீர்கள், கீழே போட்டால் துள்ளும், சத்தமே வராது. தேங்காய்நார்க் கயிற்றில் ஏணி கட்டச் சொல்லுங்கள், தொப்பென்று விழும். பாவாடை தரை தொட்டால் கால் அதில் மாட்டும், ஒத்திகையிலேயே பாவாடையோடும் ஏணியோடும் பழகிக்கொள்ளுங்கள். இரண்டாவது குழுவில் செவிலி கடைசி நாள்தான் பாவாடை கட்டினார், ஏணியோடு அவரும் விழுந்தார்.

அதைவிட முக்கியமானது பெயர்கள். செவிலி உள்ளே வந்து, செத்துப்போனான் செத்துப்போனான் என்கிறாள், யார் என்று சொல்லவில்லை. அப்புறம் ரோமியோ என்ற பெயரைச் சொல்லிப் புலம்புகிறாள், 'யார் நினைத்திருப்பார்கள், ரோமியோ' என்று. ஜூலியட் தன் புருஷன்தான் செத்தான் என்று நினைத்துக் கதறுகிறாள். அப்புறம் காயத்தைக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள், இன்னும் பெயர் இல்லை. பிறகுதான் ஜூலியட்டின் மாமன் மகன் டைபால்ட் பெயர் வருகிறது, கடைசியாகத்தான் ரோமியோ கையால் டைபால்ட் செத்தான், ரோமியோவுக்கு நாடு கடத்தல் என்ற முழு விஷயம். ஒரு ராத்திரி எங்கள் செவிலி பதற்றத்தில் டைபால்ட் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டார். ஜூலியட் அழ வேண்டியதற்கு ஒன்றுமில்லாமல் விழித்துக்கொண்டு நிற்க, நான் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இவள் வேண்டுமென்றே குழப்பவில்லை. டைபால்ட் இவளுக்கு வேண்டியவன், தனக்கு இருந்த நல்ல நண்பன் அவன்தான் என்று அழுகிறாள், ரத்தம் கட்டிய பிணத்தைப் பார்த்து மயக்கம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஜூலியட் எதிரில் இருப்பதே பாதி அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பிராந்தி கொடு என்று கேட்கிறாள் பாருங்கள், அதை ஜோக்காகப் போடாதீர்கள், கை நடுங்கக் கேளுங்கள். இதே பிராந்தியைப் புதன்கிழமை இன்னொரு முறை கேட்கப் போகிறாள்.

துறவியின் அறைக் காட்சியைப் பற்றிச் சுருக்கமாக. தரையில் கிடந்து அழுகிற ரோமியோவை 'எழுந்திரு, ஆம்பிளையாக இரு' என்று அதட்டுகிறீர்கள். 1597-இல் வந்த முதல் பதிப்பின் குறிப்புப்படி, அவன் குத்திக்கொள்ளப் போகும்போது கத்தியைப் பிடுங்குவதும் செவிலிதான். பல குழுக்களில் இதைத் துறவிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிரதியில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், நல்ல வேலை. அப்புறம் துறவியின் நீண்ட உபதேசத்தைக் கேட்டு, 'ராத்திரி முழுக்க இதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், படிப்பு என்றால் படிப்புதான்' என்கிற வரிக்கு நிச்சயம் சிரிப்பு வரும், நிறுத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை

மற்ற எல்லாக் காட்சிகளுக்கும் சேர்த்து எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்களோ அத்தனை நாள் இந்த ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.

அப்பா கப்புலெட் பாரிஸ் என்ற பிரபுவுக்குப் பெண்ணைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஜூலியட் மாட்டேன் என்கிறாள். அவர் வெறி பிடித்தவர் போலத் திட்டுகிறார். நடுவில் புகுந்து 'இப்படித் திட்டுகிறீர்களே, தப்பு உங்கள் மேல்தான்' என்று நேருக்கு நேர் சொல்வது செவிலி. சம்பளம் வாங்குகிறவள் முதலாளியிடம் சொல்கிறாள். அவர் இவளை ஞான சரஸ்வதியே என்கிற மாதிரி நக்கலடித்து, வாயை மூடு, போய் உன் வம்புக்காரிகளோடு பேசு என்கிறார். 'நான் ஒன்றும் துரோகம் பேசவில்லையே' என்கிறாள். மறுபடி அடக்குகிறார். 'பேசக்கூடவா கூடாது?' என்கிறாள். முணுமுணுக்கிற முட்டாளே என்று விழுகிறது. மூன்று தடவை வாய் திறக்கிறாள், மூன்று தடவையும் மூடப்படுகிறது. இந்த மூன்றும் ஒரே சத்தத்தில் வரக் கூடாது. முதலாவது தைரியமாக, இரண்டாவது கெஞ்சலாக, மூன்றாவது கிட்டத்தட்ட தனக்குத் தானே.

அப்பா போகிறார், அம்மா 'உன்னோடு எனக்குப் பேச்சில்லை' என்று போகிறாள். இரண்டு பேர் மட்டும் மிச்சம். நம் மரபில் இந்தக் கட்டத்துக்குப் பெயரே இருக்கிறது. அயலார் பெண் கேட்டு வந்து, வீடு சம்மதிக்கப் பார்க்கிற நொதுமலர் வரைவு. அப்போது தோழி அறத்தொடு நிற்பாள். இவள் ஏற்கெனவே ஒருவனுக்கு உரியவள் என்று செவிலியிடம் உடைத்துச் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், அங்கிருந்து தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் போகும். இந்தக் கதை நடக்கிற வெரோனா ஊரில் அந்தச் சங்கிலியின் இரண்டு கண்ணிகளும் இந்த ஒரே பெண்பிள்ளைதான். கதவுக்கு அந்தப் பக்கம்தான் தாய் போயிருக்கிறாள். 'அம்மா, இவளுக்கு நேற்றே கல்யாணம் ஆகிவிட்டது' என்று ஒரு வரி சொல்ல வேண்டும். ஜூலியட் 'எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்லேன்' என்று கேட்டதும் நீங்கள் அந்தக் கதவைப் பாருங்கள். இதை நான் ஒவ்வொரு குழுவிலும் சொல்லி, மூன்றாவது குழுவில்தான் ஒருத்தர் செய்தார். கதவை நோக்கி இரண்டு அடி வைத்தார், நின்றார், திரும்பி வந்து உட்கார்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு. அதற்கப்புறம்தான் பேசினார்.

பேச்சு இதுதான்: ரோமியோ நாடு கடத்தப்பட்டுவிட்டான், வந்து கேட்கப் போவதில்லை, வந்தாலும் திருட்டுத்தனமாகத்தான் வர முடியும். நிலைமை இப்படி இருக்கும்போது பாரிஸையே கட்டிக்கொள். அருமையான ஆள். அவன் பக்கத்தில் ரோமியோ கரித்துணி. ஆங்கிலத்தில் பாத்திரம் துடைக்கிற துணி, நம் அடுப்படியில் கரித்துணிதான் சரி. முதல் புருஷன் செத்தவன், சாகாவிட்டாலும் செத்த மாதிரிதான், பக்கத்தில் இல்லாதவனால் உனக்கு என்ன பிரயோசனம்?

இதை வில்லத்தனமாகச் சொன்னால் காட்சி செத்தது. கோழைத்தனமாகச் சொன்னால் பாதிதான் பிழைக்கும். சூசனைப் புதைத்துவிட்டு அந்தப் பாலை இன்னொருத்தி குழந்தைக்குக் கொடுத்தவள் பேசுகிறாள் இங்கே. போனது போகட்டும், இருப்பதை வைத்துப் பிழை. அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து, அது அவளுக்குப் பலித்த மருந்து. உண்மையான அன்போடு சொல்லுங்கள். அப்போதுதான் கேட்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும். கூடவே பயமும் உண்டு, விஷயம் வெளியே வந்தால் முதலில் தெருவுக்குப் போவது இவள்தான். புரூக்கின் கவிதையில் கடைசியில் அதுதான் நடக்கிறது, கல்யாணத்தைப் பெற்றோரிடம் மறைத்ததற்காக வயதான காலத்தில் செவிலியை ஊரைவிட்டு விலக்குகிறார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டி, பறவை என்று கொஞ்சியவள் பாரிஸின் கண்ணை வர்ணிக்கும்போது 'மேடம்' என்கிறாள். மற்ற நேரத்திலும் அப்படிக் கூப்பிடுகிறவள்தான், இருந்தாலும் இந்த இடத்தில் அது தூரமாகக் கேட்கிறது. தமிழ்ப் பிரதியில் அதுவரை 'கண்ணு' என்று போட்டிருந்தால் இங்கே 'சின்னம்மா' என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

ஜூலியட் கேட்கிறாள், 'மனசாரச் சொல்கிறாயா?' 'மனசார மட்டுமில்லை, ஆத்மாவோடும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் இரண்டும் நாசமாய்ப் போகட்டும்.' அவள் 'ஆமென்' என்கிறாள். இவளுக்குப் புரியவில்லை, 'என்ன?' என்கிறாள். அந்த 'என்ன?' உங்கள் வேடத்திலேயே மிகச் சின்ன வசனம், அதில்தான் எல்லாம் இருக்கிறது. புரிந்தவள் மாதிரிச் சொல்லிவிடாதீர்கள். நிஜமாகக் காதில் விழாதவள் மாதிரிக் கேளுங்கள். அந்த நொடியில் பெண் இவளை விட்டுப் போய்விட்டாள், இவளுக்குத் தெரியவில்லை. 'நீ எனக்கு ரொம்ப ஆறுதல் சொன்னாய்' என்று ஜூலியட் சொல்வதையும் நம்பி, நல்ல பெண், புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷமாக வெளியே போங்கள். உங்களைக் கிழட்டுப் பாவி என்று அவள் திட்டுவது நீங்கள் போன பிறகு. அதை ஒரு நாளும் நின்று கேட்காதீர்கள்.

கட்டில்

செவ்வாய் இரவு ஜூலியட் 'இன்றைக்கு என்னைத் தனியாக விடு' என்கிறாள். பதினாலு வருஷத்தில் எத்தனை இரவு அப்படிச் சொல்லியிருப்பாள்? போங்கள், ஆனால் மெதுவாக. கல்யாணச் சமையலுக்கு மசாலா எடுக்க எஜமானி சாவிகளைக் கொடுக்கிற குட்டிக் காட்சியைச் சிலர் வெட்டிவிடுவார்கள். வெட்ட விடாதீர்கள், சாவிக்கொத்து இடுப்பில் இருக்கட்டும். புதன் காலை எழுப்பப் போகும்போது அந்தச் சத்தம் முன்னால் போகும்.

எழுப்புகிற பேச்சை முழுக்கக் குஷியாகச் செய்யுங்கள். பாரிஸ் இன்றிரவு உன்னைத் தூங்க விடமாட்டான், அதனால் இப்போதே தூங்கிக்கொள் என்று கேலி செய்துகொண்டே திரையை விலக்குகிறாள். பார்த்தவுடன் தெரிந்துவிடக் கூடாது. முதலில் துணி கண்ணில் படுகிறது: உடுத்திக்கொண்டு மறுபடி படுத்துவிட்டாயா? அப்புறம் தொடுகிறாள். அப்புறம்தான் கத்தல், பிராந்தி கொண்டு வாருங்கள் என்று. அதற்கப்புறம் 'ஐயோ நாளே, கெட்ட நாளே' என்று திரும்பத் திரும்ப வரும் ஒப்பாரியில் கூட்டம் சிரித்துவிடும் ஆபத்து உண்டு, ஏனென்றால் ஜூலியட் சாகவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். குரலை ஏற்றாமல் ஒவ்வொரு தடவையும் இறக்கிக்கொண்டே வந்தால் சிரிப்பு வராது. துறவி ஜூலியட்டுக்குக் கொடுத்த மயக்க மருந்து விஷயத்தை இவளிடம் யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதோடு உங்களுக்கு வசனம் முடிந்தது. கல்லறைக் காட்சியில் துறவி எல்லாவற்றையும் விவரிக்கும்போது, இந்தக் கல்யாணம் செவிலிக்கும் தெரியும் என்று ஒரு வரி சொல்கிறார். சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று இளவரசர் முடிக்கிறார், யாருக்கு எது என்று ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. மூன்றாவது குழுவின் டைரக்டர் அங்கே செவிலியைக் கூட்டத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். துறவி அந்த வரியைச் சொன்னதும் மேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் டைரக்டரிடமும் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் மேக்கப்பைக் கலைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள், கடைசியில் எல்லோரும் வந்து வணங்க வேண்டும்.